கைமிஷின் வாங்கலாமா என்று அண்ணியைக் கேட்டேன்

1

ஒரு ஹேண்ட் பிளெண்டர் வாங்குவதற்கு ஒருத்தி ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள் என்று சொன்னால், ஊரிலிருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். நாங்கள் ஜெர்மனிக்கு, இந்த ஹானோவர் நகரத்துக்கு, வந்து இருபது வருஷம் முடிந்த அன்றுதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்திருந்தார். வெட்டுவதற்குக் கத்தியைப் பிடித்தேன். வலது மணிக்கட்டு சுளீரென்று இழுத்தது, கத்தி நழுவி மேசையில் விழுந்தது. கடைசியில் மகள் மதிதான் கேக்கை வெட்டினாள்.

வலி புதிதில்லை. ஒரு வருஷமாகவே கீரை கடையும்போது குத்தும், கடைந்து முடித்தால் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. இந்த ஊரில் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வீட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் ஒரு சீட்டு தருவார். சீட்டை வைத்துக்கொண்டு எலும்பு டாக்டருக்குப் போன் போட்டால், மூன்று மாதம் கழித்து வா என்பார்கள். அதற்குள் வலி தானாகவே போய்விடும், நமக்கு வேலை மிச்சம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. என் வலி போகவில்லை. போனேன்.

இந்தக் கையால் தினமும் என்ன வேலை செய்கிறாய் என்று டாக்டர் கேட்டார். கடைவது என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த வார்த்தையை வைத்து, "தினமும் கீரையை அடிக்கிறேன்" என்றேன். மனுஷர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் அவசர அவசரமாகக் கையைச் சுழற்றிக் காட்டி விளக்கினார். விளங்கியதும் டாக்டர் சொன்னது ஒரே வரிதான். இனிமேல் கையால் கடையக் கூடாது, மிஷின் வாங்கிக்கொள்.

அப்படித்தான் கடைக்குப் போய் நின்றேன். ஜெர்மன்காரர்கள் ஹேண்ட் பிளெண்டருக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் கூழாக்கும் கோல் என்று வரும். பெயரைப் பார்த்ததுமே எனக்குப் பயம். கீரை கூழாகிவிடக் கூடாது என்பதுதானே என் கவலையே! மிக்ஸி வீட்டில் இருக்கிறது. ஆனால் சூடான கீரையை அதில் ஊற்ற முடியாது, ஆறவைத்து ஊற்றினால் ஜாரைக் கழுவுவது ஒரு தனி வேலை. போதாததற்குக் கீழ்வீட்டம்மா. ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டால் போதும், நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டுவிடுவாள். எங்கள் படிக்கட்டில் அமைதி நேரம் எது எது என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ் எனக்காகவே ஒட்டியது. இந்தக் கோலோ அவ்வளவு சத்தம் போடாது, நேராகச் சட்டிக்குள் விடலாம், குழாயடியில் காட்டினால் கழுவியாயிற்று. எல்லாம் சரிதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். அந்தத் தைரியத்தில் வாங்கி வந்து, பிரிக்காமல் அடுப்பு மேடையில் வைத்தேன்.

2

கீரைக் கடைசல் எங்கள் பக்கம் எல்லோர் வீட்டிலும் உண்டு. கீரையோடு வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், துளி புளி போட்டு வேகவைக்க வேண்டும். தண்ணீரைத் தனியாக வடித்துவிட்டு, உப்பைப் போட்டு, மண்சட்டியில் மத்தால் கடைய வேண்டும். இலை மசிய வேண்டும், ஆனால் இலை இருப்பது நாக்குக்குத் தெரிய வேண்டும். வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டினால் தெரு முனை வரைக்கும் மணக்கும். இதில் என்ன ரகசியம் இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் என் அண்ணி கடைந்தால் அது வேறு.

எங்கள் வீடு தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். அண்ணி களமருதூர்ப் பெண். அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாய்க்குப் பயந்து இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிட்டோம். நான் பரீட்சையில் கோட்டை விட்டதை அண்ணி மறைப்பாள், அண்ணி பால் பொங்கவிட்டதை நான் மறைப்பேன். வயிற்றில் பிள்ளை தங்கியதை அவள் முதலில் சொன்னது என் அண்ணனிடமில்லை, என்னிடம். கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, என் காதோடு சொன்னாள். "உன்கிட்ட சொல்லாம எனுக்கு ஒண்ணியும் செரிக்காது பாப்பா" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை நான் அவளுக்குப் பாப்பாதான், எனக்குத் தலை நரைத்த பிறகும்.

அம்மா அப்பா இரண்டு பேரும் போன பிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது அண்ணி கையில்தான் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணன் எவ்வளவு பாசமாக இருந்தாலும் சோறு போடுவது அண்ணிதானே. இந்த விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவள் என்று இங்கே சிநேகிதிகளிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போவோம். நான் போய் இறங்கும் நாள் மத்தியானம் கட்டாயம் கீரைக் கடைசல் இருக்கும். சட்டியைப் பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மத்தை இரண்டு உள்ளங்கையாலும் உருட்டி உருட்டி அண்ணி கடைவாள். நான் எதிரே குந்திக்கொண்டு பார்ப்பேன். போனில் வீடியோகூட எடுத்திருக்கிறேன். ஒரு தடவை அண்ணன், கள்ளக்குறிச்சியில் ஏதோ கைமிஷின் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று பேச்செடுத்தபோது, "ஐயோ வேணாம்ணா, அண்ணி கைப்பக்குவம் கெட்டுடும்" என்று நான்தான் சொன்னேன். அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

3

பெட்டி அடுப்பு மேடையிலேயே கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டிச் சமைத்தேன். வீட்டுக்காரர் திருநாவலூர்க்காரர், எதையும் ஒரு வார்த்தையில் முடிப்பவர். "ஒண்ணு பிரி, இல்ல திருப்பிக் குடு" என்றார். என்னால் இரண்டும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக அண்ணியோடு பேசுகிற நேரத்தில் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"அண்ணி, டாக்டர் கையால கடையக் கூடாதுன்னுட்டாரு. சட்டிக்குள்ள விட்டு அடிக்கிற கைமிஷின் ஒண்ணு இருக்குல்ல, அத்த வாங்கி வெச்சிருக்கேன். இன்னும் பிரிக்கல. வெச்சுக்கலாமா?"

 

"கை அவ்ளோ நோவுதா பாப்பா?"

"ஆமா அண்ணி. கத்தியே பிடிக்க முடியல."

"வெளக்கெண்ண தடவி உப்பு ஒத்தடம் குடு. மிஷினு இன்னாத்துக்கு? அதுல அடிச்சா கீர கொழகொழன்னு பூடும். கையால கடையற மாரி வருமா?"

"அப்ப வேணாம்ங்கறியா?"

"நாம இன்னா கண்டோம் அதெல்லாம். எனுக்கு மத்துதான் தெரியும்."

எனுக்கு மத்துதான் தெரியும். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை வைத்துவிட்டுக் கண் கலங்கினேன். எங்கோ ஒரு மூலையில் நமக்கென்று ஒருத்தி இன்னும் அந்தச் சட்டியைக் கடைந்துகொண்டிருக்கிறாள், நாம்தான் தோற்றுப்போய் மிஷினுக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திருப்பித் தந்துவிடுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

தடுத்தது மதி. அவளுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லும் பெண். போன கோடையில் அவளைத் தனியாகவே மாமா வீட்டுக்கு அனுப்பினோம், ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். போகும்போது இவள் அங்கே என்ன செய்யப் போகிறாள், வாயைத் திறந்து தண்ணீர்கூடக் கேட்க மாட்டாளே என்று அழுதேன். திரும்பி வந்தவள் "இன்னாம்மா" என்றாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவோடு பைக்கில் வெள்ளிமலைக்குப் போய், மலைச்சாமை அரிசியும் ஒரு பாட்டில் தேனும் வாங்கி வந்திருந்தாள். பிள்ளையை அண்ணி கைவிடவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த மதிதான் இப்போது நியாயம் பேசினாள். சாப்பிட்டுப் பார்க்காமல் எப்படி முடிவெடுப்பாய், ஒரே கீரையை இரண்டு பங்காக்கி ஒன்றை மத்தால் கடை, ஒன்றை மிஷினில் அடி, எதில் எது என்று சொல்லாமல் எங்களுக்குக் கொடு என்றாள்.

"பிரிச்சா அவன் திரும்ப எடுக்க மாட்டான்" என்றார் வீட்டுக்காரர்.

"எடுக்காட்டிப் போறான்" என்று நானே பெட்டியைப் பிரித்தேன். மத்துதான் ஜெயிக்கும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

4

பால்கனித் தொட்டியில் வளர்த்திருந்த முளைக்கீரையைப் பறித்தேன். ஒன்றாக வேகவைத்து இரண்டு சட்டியில் பிரித்தேன். ஒன்றை வலியோடு மத்தால் கடைந்தேன். இன்னொன்றில் கோலை விட்டுப் பொத்தானை அமுக்கினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே தூக்கிவிட்டேன், சுவரெல்லாம் பச்சை. பிறகு மதி சொன்னபடி, விட்டு விட்டு அமுக்கினேன். அமுக்கினேன், நிறுத்தினேன், அமுக்கினேன், கீரை ஆயிற்று. அவ்வளவுதான்! மத்தால் கடைந்த சட்டிக்கு நான் பட்ட பாட்டை நினைத்து எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

இரண்டு கிண்ணம். சுடுசோறு, நெய். வீட்டுக்காரர் இரண்டையும் தின்றுவிட்டு, "ரெண்டும் கீரதான்" என்றார். அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? மதி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி மென்றாள். பிறகு ஒரு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதாம்மா. அத்தை செய்யற மாதிரியே இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவள் இழுத்தது மிஷின் கிண்ணம்.

"அடி போடி. அதுதான் மிஷின்ல அடிச்சது. அத்தை கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உனக்கு நாக்கே செத்துப்போச்சு."

"இல்லம்மா. அத்தையும் அதுலதானே அடிக்கும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே முகம் மாறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுல?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சோற்றைப் பார்த்தார்.

"சொல்லாதன்னு அத்தை சொல்லிச்சும்மா."

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது, ஒவ்வொன்றாக, பாதித் தமிழில், பாதி ஜெர்மனில். அண்ணியின் சமையலறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கைமிஷின் தொங்குகிறது. வெள்ளை நிறம். வாங்கிப் பல வருஷம் ஆகிறது. பருப்பு, கீரை, மோர் எல்லாம் அதில்தான். நடவு ஆட்களுக்குப் பெரிய சட்டியில் சமைக்கும்போதும் அதில்தான். மலைக்குப் போன அன்று காலையில்கூட அதில் கீரை அடித்துத்தான் சாமைச் சோற்றோடு கட்டிக் கொடுத்திருக்கிறாள். நாங்கள் வருகிறோம் என்று நான் டிக்கெட் போட்டுச் சொன்னதும், மிஷின் அரிசி டிரம்முக்குள் போய்விடும். பரணில் இருக்கும் மண்சட்டியும் மத்தும் கீழே இறங்கும். மதி போயிருந்தபோது மட்டும் அண்ணி எதையும் ஒளிக்கவில்லை. போன மறுநாளே அவள் கையில் கொடுத்து, "இந்தா, நீ அடி" என்றாளாம்.

"ஏன் வாங்கினாங்களாம்?" என்று கேட்டேன்.

"அத்தைக்கு வலது தோள் போச்சும்மா. கையை இதுக்கு மேல தூக்க முடியாது." தன் கையை மார்பு உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள். "நான் இருந்த ஒரு மாசமும் அத்தைக்குத் தலை நான்தான் பின்னி விட்டேன்."

"நான் போறப்ப கடையறாளே?"

"மாத்திரை போட்டுகினு கடையும். மாமா திட்டிச்சு. அத்தைதான் கேக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லக் கூடாதாம்?"

நான் விடவில்லை. கடைசியில் அண்ணி சொன்னதை அண்ணி சொன்ன மாதிரியே சொன்னாள். அந்தப் பேச்சை எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உங்கம்மா வர்றதே விருந்தாளி மாரி பத்து நாளு. அதுங்கிட்ட இன்னாத்துக்கு இதெல்லாம்? இருக்கற வரைக்கும் சந்தோஷமா இருந்துட்டுப் போவட்டும்."

5

எனக்கு வந்ததே கோபம்! கிண்ணங்களை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு பால்கனியில் போய் நின்றேன். அடிப்பாவி! என்னிடம் சொல்லாமல் எதுவும் செரிக்காது என்றாயே, இத்தனை வருஷமாக எப்படிச் செரித்தது? நான் வாய்விட்டுக் கேட்டேனே, மிஷின் வாங்கலாமா என்று. கதவுக்குப் பின்னால் அது தொங்க, எனுக்கு மத்துதான் தெரியும் என்று சொன்னாயே! நான் உனக்கு ஒத்தடம் கேட்டு வந்த ஊராளா? வாராவாரம் மணிக்கட்டு மணிக்கட்டு என்று உன்னிடம் புலம்பினேன். எனக்கும் தோள் போய்விட்டது பாப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுதிருக்கலாம், சிரித்திருக்கலாம், உனக்கு நான் எண்ணெய் சொல்லியிருப்பேன். எல்லோரும் சேர்ந்து என் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். நான் பெற்ற பெண் உள்பட.

மிஷின் ஒரு பொருட்டே இல்லை. ஒரு வீட்டில் யாரிடம் நோவைச் சொல்வார்கள்? வீட்டு ஆளிடம் சொல்வார்கள். விருந்தாளிக்குப் பலகை போட்டு, நல்ல தட்டெடுத்து, சிரித்து அனுப்புவார்கள். தமிழ் சரியாக வராத என் பெண் ஒரே மாதத்தில் அந்த வீட்டு ஆளாகிவிட்டாள், தலை பின்னிவிட்டாள். அங்கேயே பிறந்த எனக்கு நாடகம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளை நம்மைவிட்டு விலகிப் போகிறதே என்று நான் அழுத அழுகை எல்லாம் வீண். விலகியது யார் என்று இப்போது தெரிந்துபோயிற்று.

வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்தார்.

"நீதான மிஷின் கிஷின் வாங்காதீங்கன்னு சொல்லிகினு இருந்த. போற எடத்துல எல்லாம் வீடியோ எடுத்துகினு இருந்த. அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"சொன்னேன். அதுக்காக? உன் தோள் போனாலும் பரவால்ல கடைன்னா சொன்னேன்?"

"உன் மனசு நோவக் கூடாதுன்னு பண்ணாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். விருந்தாளிக்குத்தான் அப்படிப் பண்ணுவாங்க."

அவர் உள்ளே போய்விட்டார். மதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது. உதறவில்லை.

அண்ணியைக் கூப்பிட்டு நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற உண்மை எனக்கு எதற்கு? அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அடுத்த ஞாயிறு, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு அண்ணி, தோள் கை வலி ஒண்ணும் இல்லியே?" என்று தூண்டில் போட்டுப் பார்த்தேன். "எனுக்கு இன்னா, கல்லு மாரி கீறேன்" என்றாள். இன்னொரு ஞாயிறு, "நான் மிஷின வெச்சுகிட்டேன் அண்ணி, நல்லாத்தான் அடிக்குது" என்றேன். அவள் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? "உனுக்குக் கை முடியாததுக்கு வேற இன்னா பண்ணுவ பாப்பா" என்று எனக்காகப் பரிதாபப்பட்டாள். போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அந்தக் கோலை நான் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. இப்போது தினமும் அதுதான். வாங்கலாமா என்று யாராவது கேட்டால் வாங்குங்கள் என்றே சொல்வேன். ரசத்துக்குத் தக்காளி மசிக்க, வெந்த பருப்பைக் கடைய, மோர் சிலுப்ப அதைப்போல வராது. இட்லி மாவுக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் உதவாது, அதற்கு மிக்ஸியோ கிரைண்டரோதான் வேண்டும். கீரைக்கு விட்டு விட்டு அமுக்க வேண்டும், ஒரேயடியாக ஓடவிட்டால் பசையாகிவிடும். நிற்கும் முன்பே வெளியே தூக்கக் கூடாது. இப்படிக் கீரையை விட்டு விட்டு அடிக்கும் பக்குவத்தை மதிக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

6

இந்த ஜனவரியில் வீட்டுக்காரரின் தம்பி மகனுக்குச் சென்னையில் கல்யாணம். அதை முடித்துக்கொண்டு சனிக்கிழமை வருவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்காரரைக் கல்யாண வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கைப்பையோடு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. என்ன பெரிய குற்றம் செய்துவிட்டாள்? கையைத் தூக்க முடியாமல், மாத்திரை போட்டுக்கொண்டு எனக்காகக் கடைந்தாளே, வேறு யார் செய்வார்கள்? இன்றைக்கு மத்தியானம் அவள் மிஷின் போடுகிற நேரத்துக்குப் போய் நின்றுவிட வேண்டும். மிஷின் வெளியே இருக்கும், மண்சட்டி பரணில் இருக்கும். ஒளிக்க நேரமிருக்காது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். அவளும் சிரித்துவிடுவாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசித் தீர்த்துவிடலாம். அவளுக்குத் தலை பின்னிவிட வேண்டும். தியாகதுருகத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கும்போது எனக்குப் பசியும் சந்தோஷமுமாக இருந்தது.

முன்வாசலில் கூப்பிடவில்லை. பெண்ணாய் இருந்த காலத்தில் வந்ததுபோலக் கொல்லைப்பக்கம் சுற்றிக்கொண்டு போனேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு, அலுமினியக் குண்டானுக்கு முன்னால் நின்றிருந்தாள். இடது கையால் அடித்துக்கொண்டிருந்தாள். வலது கை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறாள், நடுமுதுகு கூனிவிட்டது, கொண்டை ஏனோதானோவென்று இருக்கிறது. இவளை நான் பார்த்ததே இல்லை. நான் வரும்போதெல்லாம் பட்டுப்போல் புடவை கட்டி, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு நிற்பாளே. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"குடு அண்ணி, நான் அடிக்கறேன்" என்றேன்.

அவள் திரும்பினாள். மிஷின் நின்றது. அதைக் குண்டானிலிருந்து பிடுங்கித் துண்டுக்குள் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். கீரை அவள் நைட்டியில் பச்சையாக வழிந்தது. நான் சிரித்தேன், சிரித்தபடியே கையை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கண் என் முகத்தில் நிற்காமல், கூட்டாத தரை, கழுவாத பாத்திரம், தன் நைட்டி என்று ஒவ்வொன்றாகத் தாவியது.

"ஐயோ பாப்பா," என்றாள், "சனிக்கிழமதான வரேன்னு சொன்ன. ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கக் கூடாதா? வூடு கிடக்கிற கெடையப் பாரு. ரூமுகூட ஒழிச்சு வெக்கல. உனுக்குன்னு ஒண்ணியும் பண்ணலியே!"

"எனக்கு என்ன அண்ணி பண்ணணும்? இந்தக் கீரையைப் போடு, போதும்."

"இது ஆளுங்களுக்கு. உனுக்கு வேற கடையறேன். நீ கூடத்துல போய்க் குந்து. காத்தாடி போட்டுக்க."

கீரையையும் சோற்றையும் பார்த்துக்கொண்டே நான் கதவோரம் நின்றேன். கூடத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. எதையாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்தால் போதும் என்று தோன்றியது.

"அப்ப நான் திரும்பிப் போயிட்டு சனிக்கிழமையே வரட்டுமா அண்ணி?" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அண்ணி யோசித்தாள்.